தொண்டை நீலம் கடைசியில்தான்

ஊர்க்குருவி அளவே இருக்கிற கட்டைவால் கிளி சின்னக்கிளி. பறவைக் கையேடுகளில் அதன் படம் பெரும்பாலும் ஒரே வாக்கில்தான் இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்த ஆண் பறவை, தொண்டையில் நீலத் திட்டு, முதுகு முடிகிற இடத்தில் ரத்தச் சிவப்பு, பவள நிற அலகு, வெளிறிய கண். பக்கத்திலேயே நீலம் இல்லாமல் பெண். இதை மனப்பாடம் செய்துகொண்டு கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை பக்கம் போகிறவர்கள் காலையிலிருந்து தேடுவது அந்த நீலத்தைத்தான். அது கிடைக்காது. கிடைப்பதெல்லாம் அயனி மரத்து உச்சியில் கரும்பச்சையாக ஒரு புள்ளி, அல்லது தலைக்கு மேலே சர்ரென்று கடந்து போகிற ஒரு நிழல். வந்த கூட்டத்தில் ஒருவர் கிளிக்குஞ்சு என்பார், இன்னொருவர் தடித்த அலகுள்ள குக்குறுவான் என்பார். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் பதில் வந்துவிடும், ஒற்றைச் சொல்லில். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "கலரை வச்சுத்தான்."

ரொம்ப நாளாக உறுத்துவது இந்தக் கலர்தான். மலையடிவாரத்தில் பச்சையாக இல்லாத பறவையைத் தேடுவதுதான் கஷ்டம். குக்குறுவான் பச்சை, பச்சைச்சிட்டு பச்சை, பச்சைப்புறா பச்சை, நான்கு வகைக் கிளியும் பச்சை. சின்னக்கிளியை அடையாளம் காண நிறம் உதவாது என்று சொல்லவில்லை. அது வரிசையில் பின்னால் வர வேண்டியது. முதலில் காது, அடுத்து பறக்கிற விதம், அடுத்து வால், அலகு, பிறகுதான் இறகின் நிறம். அந்த நிறங்களிலும் தொண்டை நீலம் கடைசி.

கையேடுகள் ஏன் தலைகீழாகச் சொல்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. பறவைகளைச் சுட்டு, பாடம் செய்து, மேசையில் வரிசையாகக் கிடத்தி அளந்து எழுதிய காலத்தில் உருவான வர்ணனைகள் அவை. சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்பை நடத்தியது 1933-ல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூருக்குள் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற பறவைக்கு, தொண்டை நீலம்தான் ஆணையும் பெண்ணையும் பிரிக்க எளிதான அடையாளம். நமக்குப் பறவை கையில் வருவதில்லை. மேசைக்கு எழுதியதை மரத்தடியில் நின்று வாசிக்கிறோம்.

வால் எங்கே?

அளவிலிருந்து தொடங்கலாம். சின்னக்கிளி அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 14 செ.மீ. இருக்கும், எடை 30 கிராமுக்கு முன்பின். ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு, ஆனால் உடம்பு கட்டையாக, தலை பெரிதாக இருக்கும். ஊருக்குள் பார்க்கிற பச்சைக்கிளி 40 செ.மீ. வரும். அதில் பாதிக்கு மேல் வால். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குக் கூட்டமாக இறங்குகிற செந்தலைக்கிளி அதைவிடச் சற்றுச் சிறியது, அதற்கும் வால்தான் நீளம். மலைக்கு மேலே போனால் வருகிற நீலச்சிறகுக் கிளி, கீரிப்பாறை, காளிகேசம் பக்கமெல்லாம் கத்திக்கொண்டு திரிவது, அதுவும் அப்படியே. மூன்றும் பறக்கும்போது பின்னால் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரியும். சின்னக்கிளிக்கு வால் நான்கு செ.மீ. அளவுதான். அதையும் மேலிருந்து மூடுகிற சிவப்பு இறகுகள் ஏறக்குறைய வால் நுனிவரை வந்துவிடும். அதனால் பறக்கும்போது உடம்பு சட்டென்று முடிந்துபோன மாதிரி இருக்கும்.

கிளிக்குஞ்சு என்று சொல்வதன் குழப்பமும் இங்கேதான் தீரும். பறக்கத் தொடங்கிய கிளிக்குஞ்சுக்கு உடம்பு ஏறக்குறைய தாய்ப்பறவை அளவுக்கு வந்திருக்கும், வால் மட்டும் கொஞ்சம் கட்டையாக இருக்கலாம். ஊர்க்குருவி அளவில் இருக்கிற ஒரு கிளிக்குஞ்சால் பறக்க முடியாது. அது பொந்துக்குள் இறகு முளைத்தும் முளைக்காமலும் கிடக்கும். எனவே அந்த அளவில், வேகமாக ஒரு கிளி பறக்கிறது என்றால் நம் மாவட்டத்தில் அது ஒன்றே ஒன்றுதான். மூன்று நொடிப் பார்வையிலேயே இவ்வளவும் சொல்லிவிட முடிகிறது, ஒரு நிறத்தைக்கூடப் பார்க்காமல்.

கடல் தாண்டிப் போனால் இலங்கையில் இதற்கு ஓர் உறவுப் பறவை உண்டு. அதற்கு உச்சந்தலை சிவப்பு. இலங்கைப் படத்தை எடுத்துக்கொண்டு இங்கே தலைச்சிவப்பைத் தேடி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்குள்ளதற்குத் தலை முழுக்கப் பச்சைதான்.

காதும் சிறகும்

பத்தில் எட்டு முறை இந்தப் பறவை முதலில் கேட்கத்தான் செய்யும். சீ-சீ-சீ என்று மெல்லிய, கூரான, பெரும்பாலும் மூன்று மூன்றாக வருகிற ஒலி. பறந்துகொண்டே கத்தும். ஒலி ஒரு பக்கமிருந்து தொடங்கி மறுபக்கம் தேய்ந்து போவதற்குள் பறவை போயிருக்கும். பச்சைக்கிளியின் கீ-கீ தொண்டையைத் திறந்து கத்துவது. நீலச்சிறகுக் கிளியின் குரல் கரகரவென்று இரட்டை இரட்டையாக வரும். செந்தலைக்கிளி கேள்வி கேட்கிற தொனியில் டுயீ என்று இழுக்கும். இவை மூன்றும் கிளிக் குரல் என்று யாருக்கும் உடனே புரியும். சின்னக்கிளியின் குரல் கிளி என்ற எண்ணத்தையே கொடுக்காது. தேன்சிட்டோ வேறு ஏதோ சிறு குருவியோ என்றுதான் தோன்றும். அதனாலேயே தவறிப்போகிறது.

குரலை மட்டும் நம்பினாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பச்சைச்சிட்டு பிற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். ஒரே மரத்திலிருந்து, நகராமல், சீ-சீ-சீ வந்துகொண்டே இருந்து, நடுவில் வைரி என்ற வேட்டைப்பறவையின் குரலும் கரிச்சானின் குரலும் கலந்து வந்தால், கிளியைத் தேட வேண்டாம். சின்னக்கிளி உட்கார்ந்த பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். தீனி எடுக்கும்போது கொஞ்சம் கிசுகிசுக்கும், அவ்வளவுதான்.

பறக்கும் விதம் குரலைவிட நம்பகமானது. நான்கைந்து முறை படபடவென்று சிறகடிக்கும், ஒரு கணம் சிறகை மடக்கிக்கொள்ளும், லேசாகக் கீழே சரியும், மறுபடி படபடப்பு. இதனால் பாதை சிற்றலையாக ஏறி இறங்கும். கூட்டமாகப் போகிற பெரிய கிளிகள் இப்படிப் போகாது. அவை நிற்காமல் சிறகடித்து நேராகப் போகும். குக்குறுவானும் கட்டைவால் பறவைதான், அளவும் கிட்டத்தட்டதான், ஆனால் பறப்பது கனமாக, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு. சின்னக்கிளி பள்ளத்தாக்கையே ஒரே மூச்சில் கடக்கும். காட்டின் மேல்மட்டத்துக்கும் மேலே, திறந்த வானத்தில் குண்டு மாதிரி போகிற இத்துனூண்டு பச்சை, கூடவே அந்த மெல்லிய குரல். இரண்டும் சேர்ந்துவிட்டால் குறிப்பேட்டில் தயங்காமல் எழுதலாம்.

நாம் நிற்கிற இடம்

இனி நிறத்துக்கு வரலாம். இந்தப் பறவையில் கண்ணைப் பறிக்கிற நிறம் இடுப்புச் சிவப்புதான். அப்படியிருந்தும் எத்தனையோ பேர் பறவையைப் பார்த்துவிட்டு, "சிவப்பே இல்லையே, முழுக்கப் பச்சைதானே" என்று சந்தேகப்படுகிறார்கள். சிவப்பு இருப்பது முதுகுப்பக்கம். நாம் நிற்பதோ வயிற்றுக்குக் கீழே. ரப்பர் தோட்டத்து வழியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது வெளிர்பச்சை வயிறு, நீலச்சாயல் கொண்ட வாலடி, சிறகு விரிந்தால் உட்பக்கத்தில் ஒரு கணம் மின்னுகிற மயில்துத்த நீலம். உட்கார்ந்தாலும் மடக்கிய சிறகுகள் சிவப்பின் இரு ஓரங்களையும் மூடிக்கொள்ளும். கீழிருந்து பார்க்கிற வரைக்கும் அந்தச் சிவப்பு இல்லாததற்குச் சமம்.

இதற்குத் தீர்வு பெரிய லென்ஸ் வாங்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். நிற்கிற இடத்தை மாற்றினால் போதும். நம் மாவட்டத்தில் மர உச்சியை மேலிருந்து பார்க்க வசதியான இடங்கள் நிறைய. மாத்தூர் தொட்டிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பறளியாற்றின் குறுக்கே 1966-ல் கட்டியது, உயரம் 115 அடி. சுற்றுலா வருகிறவர்கள் ஆற்றைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பாலத்தின் நடுவில் நின்றால் தென்னை உச்சி, பலா உச்சி, ரப்பரின் தலைப்பு எல்லாம் கண்ணுக்குக் கீழே இருக்கும். சின்னக்கிளி திரிகிற உயரம் அதுதான். அங்கிருந்து பார்க்கும்போது பச்சைப் பரப்பின் மேல் பறந்து போகிற பறவையின் முதுகு தெரியும், முதுகு தெரிந்தால் சிவப்பு தெரியும். வெறும் கண்ணுக்கே, ஐம்பது அறுபது மீட்டர் தூரத்திலும். பச்சை இலைகளின் பின்னணியில் அந்தச் சிவப்பு ஒரு கோடாக இழுபட்டுப் போகும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைச்சரிவை வெட்டிப் போட்ட சாலைகளிலும் இப்படித்தான்: ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் பார்க்க வேண்டும். காட்டுக்குள் போகிற வழிகளில் வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். 2008-லிருந்து இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம்.

காலை வெயில் ஏறின பிறகு, ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும். ஏன் என்பதற்கு இறகின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். எதிர்வெயிலில் எந்தப் பச்சைப் பறவையும் கறுப்புதான்.

முருக்கு பூத்தால்

பறவையைத் துரத்திப் போவதில் பயனில்லை. பூத்த மரத்தைக் கண்டுபிடித்து அங்கே காத்திருப்பதுதான் வழி. சின்னக்கிளிக்குப் பூந்தேனும் மென்பழமும்தான் முக்கியம். நெல்லுக்கும் சோளத்துக்கும் இறங்காது. தோவாளைப் பக்கம் வயலில் ஒரு கிளிக்கூட்டம் இறங்கினால் அது இதுவாக இருக்காது. தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். மிளகு படர்த்தியிருக்கிற முள்முருக்கு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும், இலவும் அப்படியே. ரப்பரும் அந்தச் சமயம் இலை உதிர்க்கிறது. ரப்பரில் இந்தப் பறவைக்குத் தீனி ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டத்து எல்லையில் நிற்கிற முருக்கும் அத்தியும் அப்போது மறைவில்லாமல் தெரியும். பால்வெட்டு முடிந்து ஆட்கள் இறங்கின பிறகு தோட்டமும் அமைதியாகிவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், ஆனியிலும் ஆடியிலும், குரலைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமும் நம்மை விட்டுவைப்பதில்லை. இரண்டு மழைக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில்தான் வேலை.

மரத்திலிருந்து இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும். அதற்கும் கிட்டே போனால் பறவை உச்சிக்கு ஏறிவிடும், கழுத்து வலிதான் மிச்சம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இதற்குச் சரி. பத்து மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகிவிடுகிறது, பார்வைப் பரப்பும் குறைகிறது, இத்தனை சுறுசுறுப்பான பறவையைப் பிடிக்க முடியாது.

வந்து உட்கார்ந்த பறவை இரண்டு மூன்று நொடி அசையாமல் இருக்கும். பச்சையில் பச்சை கரைந்துபோகிற நேரம் அதுதான். பிறகு கிளை வழியே நடக்கத் தொடங்கும். மற்ற சிறு பறவைகள் கிளைக்குக் கிளை தத்தும், இது தத்தாது. அலகால் கிளையைக் கவ்விக்கொண்டு, ஒரு காலை எடுத்து வைத்து, அடுத்த காலை இழுத்துக்கொண்டு, மூன்றாவது கால் மாதிரி அலகைப் பயன்படுத்தி ஏறும். பூங்கொத்தின் நுனிக்குப் போனதும் அப்படியே தலைகீழாகத் தொங்கி, பூவுக்குள் அலகை விட்டுத் தேனெடுக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விரல்கள் அமைந்திருப்பதால் பிடி விடாது. பச்சைச்சிட்டும் அதே முருக்குக்கு வரும், அதுவும் வளைந்து நெளிந்து தேனெடுக்கும், ஆண் பறவையின் தொண்டையில் நீலமும் இருக்கிறது! நீலத்தை நம்பி வந்தவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆனால் அந்த நீலத்தைச் சுற்றிக் கறுப்பு இருக்கும், நெற்றி ஆரஞ்சாக இருக்கும், அலகு கறுத்து மெலிந்து லேசாக வளைந்திருக்கும், நீளம் 19 செ.மீ. வரை வரும். அலகை ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. அத்தி மரத்தில் குக்குறுவானோடு குழம்பினாலும் அலகுதான் தீர்ப்பு: அதற்குத் தடித்த அலகு, அடியில் மீசை மயிர். கிளிக்குக் கொக்கி.

இரவில் வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கித் தூங்குவது இந்தப் பறவையின் பிரசித்தமான பழக்கம். ஆங்காங்கே இதைத்தான் முதல் அடையாளமாக எழுதுகிறார்கள். உண்மைதான், ஆனால் அடையாளம் காண அது பெரிதாக உதவாது. இலைக்கொத்துக்குள் தொங்குகிற பச்சைப் பறவை இலையாகத்தான் தெரியும். அதைத் தேடி இரவில் டார்ச் அடித்துத் திரிவது பறவைக்கும் கெடுதல், நமக்கும் யானை வழியில் அது வேண்டாத வேலை.

இனப்பெருக்கக் காலத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. அதைப் பார்த்தவர்கள் குறைவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பட்டுப்போன மரத்துப் பொந்துகளில் முட்டையிடும். வழக்கமாக மூன்று, வெள்ளை. பொந்துக்கு மெத்தை போடப் பெண் பறவை இலையைக் கீறிக் கீறிப் பட்டையாக எடுக்கும். எடுத்ததை அலகில் தூக்கிக்கொண்டு போகாது. இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொள்ளும். நான்கைந்து பச்சைக் கீற்றுகள் சிவப்பு இறகுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கப் பறந்து போகும். வழியில் ஒன்றிரண்டு விழும். நம் மாவட்டத்துக் கிளிகளில் வேறு எதுவும் இப்படிச் செய்வதில்லை. செத்த மரத்தை விறகுக்கு வெட்டிவிடுகிற தோப்புகளில் இந்தப் பறவை வந்து தின்னும், தங்காது.

கீழே கிடக்கிற இறகு

இறகை வைத்து அடையாளம் சொல்வது தனிக் கலை. அதில் தவறுகளும் அதிகம். ஒரு சிவப்பு இறகு கிடைத்தால் சின்னக்கிளி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அதே காட்டில் சிவப்பு இறகு வைத்திருக்கிற மற்றவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்: கொண்டைக் குருவிகளின் வாலடிச் சிவப்பு, தீக்காக்கையின் வயிறு, குங்குமப்பூச்சிட்டின் ஆரஞ்சுச் சிவப்பு, மரங்கொத்தியின் கொண்டை. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

கிளியின் பச்சை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிளி இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. மேலே மஞ்சள் நிறமி, அதற்கு உள்ளே ஒளியைச் சிதறடித்து நீலமாகத் திருப்பி அனுப்புகிற நுண்ணிய பஞ்சு அடுக்கு, அதற்கும் உள்ளே மிச்ச ஒளியை விழுங்கிக்கொள்கிற கறுப்பு நிறமி. மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சை. ஆகவே அது வெளிச்சம் பட்டுத் திரும்பினால்தான் பச்சை. இறகைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்தால், ஒளி ஊடுருவி வரும்போது பச்சை மறைந்து மங்கலான பழுப்பாகிவிடும். நீல இறகும் அப்படியே சாம்பலாகும். சிவப்பு மட்டும் சிவப்பாகவே இருக்கும், அது நிறமி. எதிர்வெயிலில் பறவை கறுப்பாகத் தெரிவதற்கும், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கும் காரணம் இதுதான். சிவப்பும் மஞ்சளும் தருகிற இந்த நிறமிகள் கிளி இனத்துக்கே உரியவை. மற்றப் பறவைகள் தீனியிலிருந்து எடுத்துக்கொள்கிற மஞ்சள், சிவப்பு நிறமிகள் போல இல்லாமல், கிளி இவற்றைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது.

சின்னக்கிளியின் இடுப்பு இறகு என்றால் நுனிப்பகுதிதான் சிவப்பு. தண்டின் அடியில் சாம்பல் நிறத் தூவி இருக்கும். சிறகு இறகாக இருந்தால் ஒரு ஓரம் பச்சை, மறு ஓரம் கரிய பழுப்பு. திருப்பினால் அடிப்பக்கம் மயில்துத்த நீலம். இந்த அடிப்பக்கத்தைத்தான் யாரும் படம் எடுப்பதில்லை. இறகின் இரண்டு பக்கத்தையும், வானத்துக்கு எதிராக ஒன்றையும், ஆக மூன்று படம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்தால் போதும், அதன் விட்டம் 27 மி.மீ. அதைவிட நான்கைந்து மடங்கு நீளமான, மெலிந்த வால் இறகு என்றால் அது பெரிய கிளிகளுடையது, மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

சிவப்பு இறகு பத்துப் பதினைந்து ஓரிடத்தில் கொட்டிக் கிடந்தால் அது உதிர்ந்ததல்ல. ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. தண்டு முழுசாக, அடி கூராக இருந்தால் வைரி போன்ற வேட்டைப்பறவை பிடுங்கிப் போட்டது. தண்டு கடித்து நறுக்கியது போல இருந்தால் பூனை, மரநாய் வேலை. இடுப்பு இறகு சுலபமாகக் கழன்றுவரும் என்பதால், பிடிபட்ட பறவை அந்த இறகுகளை எதிரியின் வாயிலேயே விட்டுவிட்டுத் தப்பியிருக்கவும் வாய்ப்புண்டு. படம் எடுத்துவிட்டு இறகை அங்கேயே விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உயிருள்ள கிளிக்கு மட்டும் அல்ல.

விழுந்து கிடந்தால்

கண்ணாடி ஜன்னலில் மோதியோ மழையில் நனைந்தோ சின்னக்கிளி கீழே கிடப்பதுண்டு. தென்னங்கள்ளுக் கலயத்தில் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்ததாகப் பழைய பறவை நூல்களில் பதிவும் உண்டு. நம்மூர்ப் பதநீர்க் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பதால் இங்கே அந்த வாய்ப்பு குறைவு. எடுக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம், கிளிக்குஞ்சு என்று நினைத்து ஊறவைத்த அரிசியையோ பாலில் பிசைந்த சோற்றையோ வாயில் திணிப்பது. இரண்டும் ஆகாது. அலகு சிவந்திருந்து, உடம்பு முழுக்க இறகு மூடியிருந்தால் அது வளர்ந்த பறவை. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு துணியை விரித்து, பறவையை வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விட வேண்டும். தண்ணீரை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மோதிய அதிர்ச்சி என்றால் இதிலேயே தெளிந்து, பெட்டியைத் திறந்ததும் போய்விடும். தெளியாவிட்டால் வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ ஒப்படைக்க வேண்டும். நேரமாகும் என்றால் நன்கு கனிந்த மட்டி வாழைப்பழத் துண்டை உள்ளே வைக்கலாம், அதுவாகத் தின்றால் தின்னட்டும். தண்ணீராகக் கழிந்தால் பயப்பட வேண்டாம்; தேனும் பழமும் தின்கிற பறவையின் எச்சம் அப்படித்தான்.

பெட்டியில் வைப்பதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தில் தொண்டையைப் பார்க்கலாம். நல்ல நீலத் திட்டு இருந்து, கண் வெளிறி இருந்தால் வளர்ந்த ஆண். பெண்ணுக்குத் திட்டு கிடையாது, ஆனால் சிலவற்றில் லேசான நீலப்படர்வு இருக்கும். இளம் பறவையில் நீலமே இருக்காது, கண் கரும்பழுப்பாக இருக்கும், இடுப்புச் சிவப்புக்குள் பச்சை கலந்து திட்டுத்திட்டாக இருக்கும். சித்திரை, வைகாசியில் பொந்தை விட்டு வந்த இளசுகளும் பெண்களும் சேர்ந்து திரியும்போது, மரத்தடியிலிருந்து பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் குறிப்பேட்டில் "சின்னக்கிளி, ஆறு, ஆணா பெண்ணா தெரியவில்லை" என்று எழுதுவதே சரி. நீலத்தைத் துல்லியமாகப் பார்த்ததாக எழுதி, நின்ற இடத்தையும் வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் எழுதாமல் விட்ட குறிப்பைவிட அது எவ்வளவோ மேல்.